டிரைவர் பக்கத்து டயர்கள்

தேவ்நாரைத் தாண்டி உப்பங்கழியின் கரைமேல் ஜீப் ஏறியதும் கரீம் பாட்சா பேச்சை நிறுத்திவிட்டார். தாராவியிலிருந்து அதுவரை அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் பெட்டியைத் தாமே பிரித்துப் பூட்டியதையும், முன்சக்கரங்களில் ஆட்டம் துளிக்கூட இல்லை என்பதையும், வண்டியில் இல்லாத கோளாறைச் சிலபேர் தாமாகவே கற்பித்துக்கொள்வார்கள் என்பதையும் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்திருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த அபுதாஹிர் அவருடைய மருமகன், மகள் சாயிராவின் கணவன். அவன் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கரையின் அகலம் ஒரு ஜீப்புக்குத்தான் போதும். வலப்பக்கம் கழி, மழைக்காலத்துப் பழுப்பு நீரோடு கரைக் கற்களை நக்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் கண்டல் புதரும் கைவிட்ட உப்பளமும். விடாத மழையில் மேல்மண் கரும்பசையாகிவிட்டிருந்தது. வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அமெரிக்க ஜீப் என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. கரீம் பாட்சாவுக்குக் கிடைத்தது வலப்பக்க இருக்கை, தண்ணீருக்கு மேலே தொங்குகிற மாதிரி. கதவென்று ஒன்றும் கிடையாது.

"மாமா, கையை உள்ள வச்சுக்கிடுங்க. கம்பியப் புடிச்சுக்கிடுங்க," என்றான் அபுதாஹிர்.

"நான் புடிக்கது இருக்கட்டும். நீங்க என்ன, ஸ்டேரிங்க மாட்டுக் கொம்பு கணக்கா இந்தப் புடி புடிச்சிருக்கிய?"

"விட்டா அது போற வழிக்குப் போயிரும் மாமா."

பின்னால் இரும்புச் சாமான்களுக்கு நடுவே குந்தியிருந்த இசக்கிப்பாண்டி சிரித்தான். குழாய் பதிக்கும் கூட்டத்தில் மூத்த ஆள் அவன். "போற வழி தெரிஞ்ச வண்டிதான் பாய். நேரா சாராயக்கடைக்குப் போவும்."

அபுதாஹிரின் முகம் மாறவில்லை. தாடை மட்டும் ஒருமுறை இறுகியது. கரீம் பாட்சா அதைப் பார்த்தும் பாராதவர் போல முன்னால் திரும்பிக்கொண்டார். அவன் குடிக்கிறான் என்ற அந்தப் பேச்சு கிளம்பியதற்கு ஜீப்தான் காரணம். இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில், கரையில் போகும்போதெல்லாம் வண்டி சேற்றில் நின்றது. அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் சாதாரண டிஃபரன்ஷியலின் சுபாவம் அப்படி. ஒரு பக்கச் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் எஞ்சினின் ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும். அது வெறுமே சுற்றும், மண்ணில் நல்ல பிடியோடு இருக்கும் மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். கூட்டம் இறங்கித் தள்ளும். காண்ட்ராக்டரின் எஞ்சினியர் மகாதேவன் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். அவர்தான் தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறைக்கு வந்து, இதற்கு வழி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றார் கரீம் பாட்சா. குர்லாவில் உடைத்துப்போட்ட பட்டாள வண்டி ஒன்றிலிருந்து தானியங்கி லாக் இரண்டு கொண்டுவந்து, முன் அச்சிலும் பின் அச்சிலும் பொருத்தினார். லிவர் இல்லை, கம்பி இல்லை, டிரைவரின் உத்தரவுக்கு அது காத்திருப்பதும் இல்லை. நேராகப் போகும்போது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிப்போடும். வளைவு வந்தால், அதிக தூரம் ஓடவேண்டிய வெளிச்சக்கரத்தை 'டக்' என்று தானே விட்டுவிடும். வளைவு முடிந்ததும் மறுபடி 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஜீப் சேற்றில் நிற்கவே இல்லை. மகாதேவன் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஆனால் வண்டி கோணலாகப் போகத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வலப்பக்கம் இழுக்கிறது என்றான் அபுதாஹிர். அதற்கு எதிராகக் கொஞ்சம் இடப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டால் ஓடுகிறது. ஆனால் காலை எடுத்ததும் அந்த இழுப்பு சட்டென்று அறுந்து, ஒரு கணம் இடப்பக்கமாகப் பாய்கிறது. உடனே பின்னால் ஒரு அடி, மறுபடி வலப்பக்கம். கேட்டவர்களுக்கு அது குடிகாரனின் விளக்கம் போலத்தான் இருந்தது. பார்த்தவர்களுக்கும் வண்டி அப்படித்தான் போயிற்று. கரீம் பாட்சா ஒரு நாள் மாலை, சட்டைக் காலரில் கிரீஸ் பட்டிருக்கிறது என்று சாக்குச்சொல்லி மருமகனின் முகத்தருகே குனிந்தார். வாசம் எதுவும் இல்லை. ஆனால் அவர் எதற்குக் குனிந்தார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோளாறு இல்லை என்று நேரில் காட்டத்தான் இன்றைக்கு அவர் கூட வந்திருந்தார்.

பாதித் தூரத்தில் கரை சரிந்திருந்தது. கழிப்பக்கத்து ஓரம் கற்களோடு உள்வாங்கி, பாதை முழுவதும் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. அபுதாஹிர் வேகத்தைக் குறைத்தான். பின்னால் 'டக்' என்ற அடி விழுந்தது. கரீம் பாட்சாவின் இருக்கைக்குக் கீழே வண்டி ஒருமுறை உதறிக்கொண்டது.

"பாத்தியளா?" என்றான் அவன்.

அவர் பார்க்கவில்லை, உணர்ந்தார். ஜீப் சரிவில் இறங்கியதும் மெல்ல, எந்த அவசரமும் இல்லாமல், கழிப்பக்கம் நகர்ந்தது. சறுக்கல் என்றே சொல்ல முடியாது, யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. அபுதாஹிர் முன்சக்கரங்களுக்கும் ஓட்டம் கொடுக்கும் லிவரை இழுத்தான். அது தப்பாகிப்போயிற்று. முன் அச்சின் லாக்கும் பிடித்துக்கொண்டது. இப்போது நான்கு சக்கரங்களும் நேராகப் போவதற்கே பிடிவாதம் பிடித்தன. அவன் இடப்பக்கம் ஒடித்தான். ஸ்டியரிங் கல்லாகிவிட்டிருந்தது. கொஞ்சம் திரும்பியதும் அவன் கையைத் திருகிக்கொண்டு நேராகத் திரும்பி வந்தது. ஜீப்பின் மூக்கு தண்ணீரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

அவன் பயந்து காலை எடுத்தான். அடி விழுந்தது, வண்டி குலுங்கியது, பிரேக் பிடித்தது. கரீம் பாட்சாவின் காலடியில் பாதை இல்லை. வலப்பக்க முன்சக்கரம் ஓரக் கல்லின்மேல் நின்றது, அதற்குக் கீழே பழுப்பு நீர் சுழித்துக்கொண்டிருந்தது. அவர் வாய் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கியது. சிறுவயதிலிருந்து ஓதிவரும் வசனம், பாதியில் நின்றுபோயிற்று. அடுத்த சொல் வரவில்லை.

"ஒருத்தரும் அசையாதிய," என்று இசக்கிப்பாண்டி மெதுவாகச் சொன்னான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

இடப்பக்கமாக ஒவ்வொருவராக இறங்கி, கயிறு கட்டி இழுத்து வண்டியைப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். மீதித் தூரம் கரீம் பாட்சா நடந்தே வந்தார். காலுக்கு நடை நல்லது என்று சொல்லிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

வேலையிடம் கரையின் கோடியில் இருந்தது. மோட்டார் வைக்கப் போட்ட சிமெண்ட் தளம், ஒரு தகரக் கொட்டகை, அடுக்கி வைத்த இரும்புக் குழாய்கள். மகாதேவனும் கூட்டத்தில் மற்றவர்களும் முன்பே நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ஜீப்பைத் தளத்தில் நிறுத்திவிட்டு அபுதாஹிர் தள்ளிப்போய் நின்றுகொண்டான். கரீம் பாட்சா மழையிலேயே வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்டியரிங் கம்பிகள் சரி, ஸ்பிரிங் பட்டைகள் சரி, அச்சு நேராக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுதான் அவரை நடுங்க வைத்தது. பிழை கண்ணுக்குத் தெரிந்தால் கையால் சரிசெய்யலாம். லாக்கின் கூண்டுக்குள் ஒவ்வொரு பல்லும் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் அவர். தெரிந்தும், அது ஏன் தம் மருமகனைத் தண்ணீருக்கு இழுக்கிறது என்று தெரியவில்லை.

அப்படியே படுத்திருந்தபோதுதான் அந்த ஓசை வந்தது. இரும்பு உருளும் ஓசை, பிறகு ஒரு மனிதக் குரல். குழாய் அடுக்கின் கீழ்க்கட்டை மழையில் நழுவியிருந்தது. இசக்கிப்பாண்டியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே குழாயடியில் சிக்கிக்கொண்டது.

குழாயைப் புரட்டி அவனை வெளியே எடுத்தார்கள். மகாதேவன் தம் மேல்துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். கட்டு சரியாக விழுந்தது. ரத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

"வண்டிய எடுங்கோ. சயான் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்," என்றார் மகாதேவன்.

அபுதாஹிர் நகரவில்லை. "நான் எடுக்க மாட்டேன் சார். அந்த எடத்துல எல்லாருமாச் சேந்து உள்ள போவோம்."

"கட்டில்ல வச்சுத் தூக்கிருவோம்," என்றான் ஒருவன். மற்றவர்கள் கழியைப் பார்த்தார்கள். கடல் ஏற்றம் தொடங்கிவிட்டிருந்தது, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம். கால் வழுக்கும் சேற்றில் ஆளைச் சுமந்து அவர்கள் சரிந்த இடத்தை அடைவதற்குள் அங்கே தண்ணீர் ஏறிவிடும். அதைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகாதேவன் கோபப்படவில்லை. அபுதாஹிரின் அருகே வந்து, "எப்படி இழுக்கறது? ஒருதரம் சொல்லுங்கோ," என்றார். அவன் சொன்னான். அவர் கேட்டுவிட்டுக் கரீம் பாட்சாவிடம் திரும்பினார். "பாய், எனக்கு உங்க அளவுக்குத் தெரியாது. லாக் ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா கட்டிடறதுன்னு சொன்னேளே. ரெண்டும் ஒரே அளவாத்தானே இருக்கு?"

கரீம் பாட்சா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே நின்றது.

தாராவிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்த விதியல்ல, ஒரு மரியாதை. புது ரப்பர் ஒட்டிய டயர் இரண்டுதான் கைவசம் என்றால் அவை டிரைவர் உட்காரும் பக்கத்துக்குப் போகும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தேய்ந்தவை மறுபக்கம். ஓட்டுகிறவன் உயிர் முதலில் என்ற எண்ணம். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அதனால் ஒரு கெடுதலும் தெரிந்ததில்லை. ஒரு சக்கரம் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் பற்கள் அதைச் சரிக்கட்டிவிடும். லாக் பொருத்திய அன்று அவர் இந்த ஜீப்பின் இடப்பக்கத்துக்குப் புது ரப்பரைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். மருமகன் உட்காரும் பக்கமாயிற்றே.

சுண்ணாம்புக் கட்டியால் பின்டயர் இரண்டிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார். கியரை நியூட்ரலில் வைத்து, சிமெண்ட் தளத்தின் நீளத்துக்கு வண்டியைத் தள்ளச் சொன்னார். கோடுகள் ஒன்றாகக் கிளம்பின. நிற்கும்போது வலப்பக்கக் கோடு நன்றாக முந்தியிருந்தது. தேய்ந்த டயர் உள்ளது சின்னச் சக்கரம், அதே தூரம் போக அது கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். அப்படி முந்துகிற சக்கரத்தை வளைவு என்றே எண்ணி லாக் விட்டுவிடுகிறது. மிதிக்கும்போது தள்ளுவது பெரிய சக்கரம் மட்டும், இடப்பக்கத்திலிருந்து. வண்டி வலப்பக்கம் திரும்பத்தானே செய்யும்? காலை எடுத்தால் வேலை கை மாறுகிறது. அந்தக் கைமாற்றத்தில்தான் அடி. பிறகு சின்னச் சக்கரம் வலப்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கிறது, மறுபடி வலப்பக்கம். அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

"நான்தான் மாப்ளே," என்றார். "டயரு. உங்க பக்கம்னு நல்லதப் போட்டேன்."

அபுதாஹிர் சுண்ணாம்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் வாயை மோந்து பாத்தியளே மாமா. அப்படிக் குனிஞ்சதுக்கு டயரக் குனிஞ்சு பாத்திருக்கலாம்."

அவர் தலை கவிழ்ந்தார். சொல்லிக்கொள்ள நேரம் இல்லை. ஜாக்கி வைத்து இரண்டு சக்கரங்களை மாற்றினார்கள். முன்னால் இடப்பக்கம் இருந்த புது ரப்பர் பின்னால் வலப்பக்கம் போயிற்று. அங்கிருந்த தேய்ந்தது முன்னால் வந்தது. இப்போது பின் அச்சில் இரண்டும் ஒரே அளவு, முன் அச்சிலும் ஒரே அளவு. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. நான்கையும் சேர்த்து ஓட்டினால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

"முன்சக்கர லிவரத் தொடாதிய," என்றார் கரீம் பாட்சா. "தொட்டா ஸ்டேரிங் உங்க கையில இருக்காது. பின்சக்கரம் மட்டும் போதும். இனி இழுக்காது."

"சறுக்குமா?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "சறுக்கும். ரெண்டும் ஒண்ணா சுத்துது. பழைய மாதிரின்னா ஒண்ணு சுத்தும், ஒண்ணு சும்மா நின்னு மண்ணப் புடிச்சிருக்கும். வண்டி நகராது, ஆனா விழவும் விழாது. இப்ப ரெண்டும் வழுக்கினா பின்பக்கம் முழுக்க எறங்கும். அதிகமா மிதிக்காதிய. ஆனா என்ன ஆனாலும் காலை எடுக்காதிய. எடுத்தா அடி விழும், அந்த அடி போதும் தள்ளிவிட."

"மிதிக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது," என்றான் அபுதாஹிர். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

இசக்கிப்பாண்டியைப் பின்னால் பலகையில் கிடத்தினார்கள். கரீம் பாட்சா அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார். நீங்கள் நடந்து வாருங்கள் என்று மகாதேவன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் பின்னால் நடந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் மழை அவர்களை மறைத்துவிட்டது.

இழுப்பு இல்லை. ஜீப் கோடு போட்டாற்போல ஓடியது. அது அவருக்கு ஆறுதல் தரவில்லை. திரும்பும் வழியில் கழி இடப்பக்கம், அபுதாஹிரின் பக்கம். தண்ணீர் கற்களைத் தாண்டிப் பாதையின் ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது. சாயிரா காலையில் வாசலில் நின்று, "வாப்பா, அவுகளத் திட்டாம கூட்டிட்டுப் போயிட்டு வாங்க," என்று சொன்னாள். அந்த முகத்தை நினைக்காமல் இருக்க அவர் இசக்கிப்பாண்டியின் கட்டைப் பார்த்தார். துண்டு முழுவதும் சிவந்திருந்தது.

"பாய்," என்றான் இசக்கிப்பாண்டி. உதடு வெளுத்திருந்தது. "அந்த எடம் வந்துட்டா?"

"இன்னும் இல்ல. கண்ண மூடிக்கிடு."

வந்துவிட்டிருந்தது. சரிந்த இடத்தின் கீழ்ப்பாதியைத் தண்ணீர் மூடியிருந்தது. மேல்பாதி சாய்ந்து பளபளத்தது. அபுதாஹிர் முதல் கியருக்கு வந்து, எஞ்சின் முனகும் அளவுக்கு மட்டும் மிதித்து உள்ளே விட்டான். முன்சக்கரங்கள் கடந்தன. பின்பாகம் நகரத் தொடங்கியது.

அதே அவசரமில்லாத நகர்வு. பின்பாகம் தண்ணீர்ப்பக்கம் இறங்க இறங்க மூக்கு மேட்டுப்பக்கம் திரும்பியது. ஓடித்தப்பச் சொல்லும் உடம்பு மேட்டுப்பக்கமே ஒடிக்கச் சொல்லும். ஒடித்தால் வால் சுற்றி மொத்தமும் உள்ளே போகும். திருப்ப வேண்டியது தண்ணீரை நோக்கி. கரீம் பாட்சாவுக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பது தெரியாது. கத்திச் சொல்லலாம். கத்தினால் அவன் திடுக்கிடுவான். திடுக்கிட்டவனின் கால் தானாக மேலே வரும். அவர் தம் வலது கையைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

அபுதாஹிரின் தோள்கள் இடப்பக்கம் திரும்பின. அவன் ஸ்டியரிங்கைக் கழியை நோக்கி ஒடித்தான்.

இடப்பக்கப் பின்சக்கரம் ஓரத்தைத் தாண்டி இறங்கியது. ஜீப் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. இசக்கிப்பாண்டி பலகையோடு சரிந்தான், கரீம் பாட்சா அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பலகையின் விளிம்பில் ஏறியது. தொங்கும் சக்கரம் நீரை வாரி இறைத்தது. பழைய வண்டியாக இருந்தால் அந்தச் சக்கரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அவர்களும் அங்கேயே இருந்திருப்பார்கள், ஏற்றம் வந்து எடுத்துப்போகும்வரை. இதில் வலப்பக்கமும் கூடவே சுற்றியது. புது ரப்பர் சேற்றுக்கடியில் எதையோ, ஒரு கல்லையோ செங்கல்லையோ, பற்றியது. எஞ்சினின் முனகல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜீப் நண்டு மாதிரிக் கோணலாகக் கொஞ்ச தூரம் ஊர்ந்தது. பிறகு இடப்பக்கச் சக்கரம் கரைக்கல்லில் மோதி, ஏறி, மேலே வந்தது.

கரை முடிந்து, கண்டல் முடிந்து, கோவண்டிப் பக்கத்துத் தார்ச்சாலை வந்தது. ஜீப் முதல் கியரிலேயே அலறிக்கொண்டு பீடிக்கடையைத் தாண்டிப் போயிற்று. கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"மாப்ளே, ரோடு வந்துட்டு. கியர மாத்துங்க."

"கால் வரமாட்டேங்கு மாமா," என்றான் அபுதாஹிர். திரும்பிப் பார்க்கவில்லை. "மரத்துப்போச்சு."

கரீம் பாட்சா பின்னாலிருந்து எட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி குலுங்கி நின்றது. அவர் இறங்கி வந்து, மருமகனின் காலை இரண்டு கையாலும் பிடித்து மிதியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். அந்தக் கால் முழங்காலிலிருந்து கணுவரை ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார்.

"போங்க மாமா, அவருக்கு ரத்தம் போவுது," என்றான் அவன். இசக்கிப்பாண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

மீதி வழியைக் கரீம் பாட்சா ஓட்டினார். அகலமான சாலை, கெட்டித் தரை, இருபுறமும் கடைகள். பயப்பட ஒன்றும் இல்லை. செம்பூர் நாக்கா வளைவில் ஈரத் தாரில் ஒடித்தபோது பின்னால் 'டக்' என்றது. வெளிச்சக்கரம் விடுபட்ட ஓசை. அப்படித்தான் ஆகவேண்டும், அப்படி ஆவதற்காகத்தான் அவரே பொருத்தினார். இருந்தும் அவர் பாதம் மிதியைவிட்டு எழத் துடித்தது.

"எடுக்காதிய மாமா," என்றான் பின்னாலிருந்து அபுதாஹிர். "அப்படியே போங்க."

அவர் அப்படியே போனார்.